வாரப் பங்கு என்று தெருவில் கூவாதீர்கள்

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கிற பெண்பிள்ளைகளுக்கு,

என்னை எழுதச் சொன்னவர்கள் என் கையெழுத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. என் வரி மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். மறந்துபோன பேர்களை எழுதவில்லை. மறக்காத பேர்களிலும் சிலவற்றை எழுதவில்லை, ஏனென்றால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்து வருகிறார்கள். நீங்கள் படித்த பிள்ளைகள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூரிலிருந்து குடிபாலா வரைக்கும் உள்ள ஊர்களில் நான் பைபிளம்மாவாக இருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிக்க வேண்டும், எழுத்து கற்றுத்தர வேண்டும், பாட்டு சொல்லித்தர வேண்டும். இந்த வேலைக்கு வேண்டியது வாய். எனக்கு ஆண்டவர் கொடுத்தது கூச்சம். ஆண்கள் எதிரே வந்தால் என் தலை தானாகப் புத்தகத்துக்குள் போய்விடும். எப்போதும் பெரிய எழுத்து வேதாகமமாகத்தான் கேட்டு வாங்குவேன். கண் பார்வை குறைவு என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் புத்தகம் நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் மறைத்தது.

வாரப் பங்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையின் போதகரான பெரிய ஐயர் வாலிபத்தில் ஒருமுறை கொச்சிக்குப் போயிருந்தார். அங்கே யூதர் தெருவில் அவர்களுடைய ஜெபவீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மோசேயின் ஐந்து ஆகமங்களையும் வாரத்துக்கு ஒரு பங்காகப் பிரித்து, ஓய்வுநாள் தோறும் வாசித்து, வருஷம் முடிகிறபோது முடித்து, அன்றைக்கே திரும்பவும் ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறார்களாம். ஐயருக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பெண்கள் கூட்டத்துக்கும் அதே மாதிரி வைத்தார். அவர்கள் சனிக்கிழமை வாசிக்கிறார்கள் என்பதால் நாங்களும் சனிக்கிழமை மத்தியானம். அதற்கு அவர் வைத்த பேர்தான் வாரப் பங்கு.

ஒரே ஒரு சட்டம் போட்டார். “தாண்டக் கூடாது. உனக்குப் புரியலைன்னாலும், கேக்கிறவங்க தூங்கினாலும், அந்த வாரத்துக்கு வந்தது அந்த வாரத்துக்கு.”

அதனால் குஷ்டத்தைப் பற்றியும் வீட்டுச் சுவரில் பிடிக்கிற பூசணத்தைப் பற்றியும் வருகிற பங்கைக்கூட நான் தாண்டவில்லை. பெண்கள் தூங்குவார்கள் என்று பயந்தேன். அவர்களோ எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போய்ப் புருஷனை உட்காரவைத்து, “மோசே சொல்லிட்டாரு, நீ சொவத்துக்குச் சுண்ணாம்பு அடி” என்று ஒரே பிடியாகப் பிடித்து அடிக்க வைத்துவிட்டாள். என் பிரசங்கம் ஒன்று உடனே பலன் கொடுத்தது என்றால் அது அந்தச் சுவர்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்போது ஆந்திரா தனி மாநிலம் ஆகிவிட்டிருந்தது, எங்கள் பக்கத்து எல்லை மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. திருத்தணி அந்தப் பக்கமா, சித்தூர் இந்தப் பக்கமா, குடிபாலா எந்தப் பக்கம் என்று டீக்கடையிலும் கிணற்றடியிலும் ஒரே பேச்சு. கிளி ஜோசியக்காரன் கூண்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, கல்யாணத்தைக் கேட்க வந்தவர்களும் எல்லையைக் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரு தீர்க்கதரிசி வேண்டியிருந்தது.

அந்த வருஷம் பிலேயாமின் பங்கு வந்தது. உங்களுக்குத் தெரியும். சபிப்பதற்காகக் கழுதைமேல் ஏறிப்போன தீர்க்கதரிசி அவன். வழியில் நின்ற தூதனைக் கழுதை பார்த்தது, அவன் பார்க்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து சாலம்மா கேட்டாள்:

“ஏன்க்கா, அப்போ தீர்க்கதரிசிக்குக் கண்ணு தெரியல, கழுதைக்குத்தான் தெரிஞ்சுது?”

“ஆமாம்.”

“பரவாயில்ல. அவனுக்குக் கழுதை இருந்துது. எங்களுக்கு நீ கீற.”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தேன். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கதையில் எனக்குப் பொருத்தமான இடம் வேறு எது?

இந்தச் சாலம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிபாலாவுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அந்த ஊர் நாயுடுவின் மானாவாரி நிலம் ஒரு துண்டை வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தாள். விளைந்ததில் ஒரு பங்கு நாயுடுவுக்கு, ஒரு பங்கு உழுகிறவளுக்கு. பத்திரம் ஒன்றும் கிடையாது, அவர் சொன்ன சொல்தான். அந்த நிலம் போனால் அவளுக்கு வேலூருக்கு அப்பால் இருக்கிற தம்பி வீடுதான் கதி. அந்தத் தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சாலம்மா சொல்வாள், “அவ ஊத்தற கஞ்சியில நம்ம மூஞ்சி தெரியும்க்கா.”

பிலேயாமுக்கு அடுத்த வாரம் செலோப்பியாத்தின் மகள்கள் வந்தார்கள். அப்பன் செத்து, அண்ணன் தம்பி இல்லாமல், ஐந்து பெண்கள் மோசேயின் எதிரில் வந்து நின்று எங்களுக்கும் நிலம் கொடு என்று கேட்கிறார்கள். மோசே உடனே பதில் சொல்லவில்லை. ஆண்டவரிடம் கேட்டுவிட்டு வந்துதான் சொன்னார்.

“மோசேக்கே தெரியலையா!” என்றாள் சாலம்மா. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. ஐந்து பெண்களின் பேரையும் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டு, தன் ஐந்து ஆடுகளுக்கும் வைத்துவிட்டாள். அன்று முதல் அந்தத் தெருவில் சாயங்காலம் ஆனால், “ஏ மில்கா! திர்சா! எங்க போய்க்கினு கீற?” என்று ஒரே சத்தம்.

பிறகு எல்லைப் பங்கு வந்தது. கானானின் எல்லை தெற்கே எங்கே, வடக்கே எங்கே, கடல் எங்கே, மலை எங்கே என்று ஊர்ப் பேர்களாக வருகிற இடம். வழக்கப்படி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தெருவோடு போய் மறுநாள் வாசிப்பைச் சொல்லிவிட்டு வர வேண்டும். முழு வாக்கியமாகச் சொல்வதற்கு எனக்கு வெட்கம். வாசலுக்கு நாலு சொல், உடனே அடுத்த வாசல். அன்றைக்கும் அப்படித்தான் கூவினேன்:

“இந்த வாரப் பங்கு எல்லை! எல்லாரும் வந்துடுங்க!”

கூட்டத்துக்கு வருகிற பெண்களுக்கு அது புரிந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு வருகிறவர்களா? கொட்டடியில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவன், வண்டிக்கு மை போட்டுக்கொண்டிருந்தவன், எல்லாரும் வாரத்துக்கு நிலம் உழுகிறவர்கள் அல்லது வாரத்துக்கு விட்டவர்கள். அவர்கள் காதில் விழுந்தது வேறு. வாரப் பங்குக்கு எல்லை வந்துவிட்டது.

மறுநாள் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள், “நம்ம ஊர் எல்லை இதுல எங்கம்மா வருது?” ஆண்கள் இரண்டு பேர் ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். என் தலை புத்தகத்துக்குள் போய்விட்டது. பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினேன். அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. “கேட்டா சொல்லல, பக்கத்தைத் திருப்பிட்டா. உள்ள ஏதோ கீது.”

அதன்பிறகு ஒரு மாதத்துக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஆடி மழையும் வரவில்லை. வதந்திக்கு மழை தேவையில்லை, அது பாட்டுக்கு முளைத்துக்கொண்டிருந்தது. எல்லை தீர்ந்ததும் வாரம் ஒழிந்துவிடும் என்று ஒரு தெருவில். உழுகிறவனுக்கே நிலம், நிலத்துக்காரனுக்கு இனிமேல் பங்கு இல்லை என்று அடுத்த தெருவில். எல்லாம் வேதத்தில் போட்டிருக்கிறது, பைபிளம்மா படித்துவிட்டுச் சொன்னாள் என்று முடிவில் நாயுடு வீட்டில்.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் சாலம்மா என்னைத் தேடி வந்தாள். ஆடுகளைக்கூடக் கட்டாமல் வந்திருந்தாள்.

“யக்கா, உன் வாயில இன்னா கீது? நெருப்பா?”

“என்ன ஆச்சு சாலம்மா?”

“நாயுடு நிலத்தைத் திருப்பிக்கிறாராம். சட்டம் வந்து உழுதவங்களுக்கே நிலம் போறதுக்கு முன்னாடி, ஆளே இல்லாம வெச்சுக்கிறாராம். மழை பேஞ்ச அன்னிக்கு அவரே ஏர் பூட்டப் போறாராம். உன் புஸ்தகத்துலதான் கீதாம்!”

தெருவில் நான் கூவியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “நீ சொல்லலாம் இல்ல, வாரம்னா கிழமைன்னு?”

“சொல்லாம இருப்பனா? ‘நீ வாரத்துல கீறவ, நீ அப்படித்தான் சொல்லுவ’ன்னுட்டாரு. சொன்னவ வந்து சொல்லட்டும்ன்றாரு. நீ வா.”

நாயுடு எதிரில் போய்ப் பேசுவதா? அதைவிட பிலேயாமின் தூதன் எதிரில் நிற்பது எனக்குச் சுலபம். அதற்குள் எங்கள் உபதேசியார் வந்து சேர்ந்தார். சபையில் ஞாயிறு பிரசங்கம் செய்கிறவர், நல்ல மனுஷர், சாலம்மாவுக்கு உதவ வேண்டும் என்று நிஜமாகவே துடித்தார். அவர் ஒரு வழி சொன்னார்.

“விளக்கமெல்லாம் எதுக்கும்மா? அவரு உன் வார்த்தையை நம்பறாரு. இன்னொரு வசனத்தைப் பொறுக்கி எடு. எல்லை எந்தப் பக்கம் போனாலும் வாரம் நிலைக்கும், கைம்பெண் நிலத்தைத் தொட்டா குடும்பத்துக்கு ஆகாதுன்னு தீர்க்கதரிசனம் கீதுன்னு சொல்லிடு. முடிஞ்சுது.”

“அப்படி இல்லைங்களே.”

“தேடினா கெடைக்கும்மா. நீளமான புஸ்தகம்.”

சாலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தைக்கா. ஒரே ஒரு வார்த்தை. பொய்யா போனாலும் விதைச்சதுக்கு அப்புறம் போவட்டும்.”

பிள்ளைகளே, இந்த ஊழியத்தில் யாராவது கெட்ட எண்ணத்தோடு வந்து உங்களைப் பொய் சொல்லக் கேட்டால் சுலபமாக மறுத்துவிடலாம். நல்லவர்கள் நல்லதுக்காகக் கேட்பார்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அப்போது என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் செய்தது இதுதான்: ஓடிப்போனேன். திருப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

பெரிய ஐயர் அப்போது வேலையிலிருந்து ஓய்ந்து, திருச்சானூர் போகிற வழியில் மகள் வீட்டில் இருந்தார். பஸ்ஸில் என்னைச் சுற்றிலும் மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. எல்லாரும் ஏதோ வேண்டுதலை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் விரித்து அந்த வாரப் பங்கைப் பார்த்தேன். உபாகமத்தில் நியாயாதிபதிகளைப் பற்றி ஆரம்பிக்கிற பங்கு. அதன் நடுவில், ஒருவன் ஆண்டவர் பேரில் சொன்னது நடக்கவில்லை என்றால் அது ஆண்டவர் சொன்னதல்ல, அவனுக்கு நீ பயப்படாதே என்று வருகிறது. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். தாண்டக் கூடாது என்று சொன்னவர் வீட்டுக்குத்தானே போய்க்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தால், ஐயருக்கு முந்தின நாள்தான் மிச்சமிருந்த பற்களையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். வாயில் பஞ்சு. கன்னம் வீங்கி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாயுடு, சாலம்மா, உபதேசியார் சொன்ன யோசனை, ஒன்றும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிரித்தாரா வலித்ததா என்று தெரியவில்லை, தோள் இரண்டு முறை குலுங்கியது. நான் காத்திருந்தேன். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அப்போது ஐயர் கையை நீட்டி, பஞ்சுக்கு நடுவே, பெரிய பிரயாசையோடு சொன்னார்:

“…ன்னாம போவாதே.”

“என்னங்க ஐயா?”

“…ன்னாம… போவாதே!”

பஞ்சு வாயில் ‘ல்’ வராமல் ‘ன்’ வருகிறது, சொல்லாமல் போகாதே என்கிறார். என் மயிர் சிலிர்த்தது. ஓடிப்போகாதே, போய்ச் சொல், உள்ளதைச் சொல்! காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓட்டமாக ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன். அவர் பின்னால் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். அது ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பிவந்த மறுநாள் நல்ல மழை. அதற்கடுத்த நாள் காலையில் நாயுடு வீட்டு வாசலில் ஏர் பூட்டுகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சாலம்மா முன்னால், உபதேசியார் எனக்குப் பக்கத்தில், நான் வேதாகமத்துக்குப் பின்னால். நாயுடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் வயதான ஆண்களை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அது அப்பா என்கிற சொல். அப்படிக் கூப்பிட்டால் கொஞ்சம் தைரியம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

“ரா அம்மா, ரா. புஸ்தகத்தைக் கொஞ்சம் எறக்கு, மூஞ்சியைப் பார்க்கலாம். வாரம் போவுதுன்னு நீதானே சொன்ன?”

“நான் சொன்ன வாரம்… அது வாரங்க நைனா.”

“அதான் நானும் கேக்கிறேன். வாரம்னா வாரம்தானே?”

“இல்லைங்க. இது வேற வாரம். அது வேற வாரம்.”

“ரெண்டு வாரமா?” நாயுடு நிமிர்ந்து உட்கார்ந்தார். “ரெண்டுமே போவுதா?”

ஏர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பங்குன்னா நெலத்துப் பங்கு இல்லைங்க. அதிகாரம். ரெண்டு மூணு அதிகாரம் சேர்ந்தது ஒரு பங்கு.”

“பார்த்தீங்களாடா!” என்று நாயுடு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “அதிகாரம் வேற வருதாம். ஒண்ணு இல்ல, மூணு அதிகாரம்!”

சாலம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். “யக்கா, நீ வாயைத் தொறக்காமலே இருந்திருக்கலாம்.” உபதேசியார் என் காதோரம், “வசனம், வசனம்” என்றார். இப்போது சொன்னால் நாயுடு நிச்சயம் நம்புவார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலையில் அந்த மனுஷர் இருந்தார். அதுதான் பயமாக இருந்தது. என் வாய் திறந்துவிட்டது. என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து நாயுடுவின் பெண்டாட்டி வேலைக்காரியைத் திட்டினாள். போன வாரம் வாங்கிய வெல்லம் அதற்குள் எங்கே போயிற்று என்று தெலுங்கில் சத்தம் போட்டாள். “போயின வாரம்” என்கிற இரண்டு சொல் தெளிவாகக் காதில் விழுந்தது.

“அந்த வாரமண்டி!” என்று கத்திவிட்டேன். உள்ளே கையைக் காட்டினேன். “இப்புடு அம்மகாரு சொன்னாங்களே, ஆ வாரம்! ஏடு ரோஜுலு! ஏழு நாள்!”

நாயுடு உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுத் தெலுங்கில் வாரம் என்றால் கிழமை, அவ்வளவுதான். விளைச்சல் பங்குக்கு அவர்களுக்கு வேறு சொல். குடியானவர்களிடம் தமிழில் பேசும்போதுதான் வாரம் என்றால் அவருக்கு நிலம் ஞாபகம் வரும். நானும் இதுவரைக்கும் தமிழிலேயே அவரைப் படுத்திக்கொண்டிருந்தேன்.

“ஆதிவாரம், சோமவாரம்… ஆ வாரமா?”

“அதேனண்டி.”

“ஓரி தேவுடா! கிழமைக்குப் படிக்கிற பாடமா? இதுக்கா நான் ஒரு மாசமா தூக்கம் இல்லாம கெடந்தேன்?” அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை மறுபடியும் தூக்கிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் நாயுடு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “சரே. அது போவட்டும். எல்லை ஏ பக்கம் வஸ்துந்தி? எந்தப் பக்கம் வரும்? அது மட்டும் சொல்லு. புஸ்தகத்துல ஏதோ ஒண்ணு இருக்கும் இல்ல?”

ஏர்க்காரர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள். உபதேசியார்கூட என் பக்கம் காதைச் சாய்த்தார். எல்லாருக்குமே அது வேண்டியிருந்தது. சாலம்மாவின் கண் என்னைப் பார்த்து, எதையாவது சொல் எதையாவது சொல் என்றது. எனக்கோ பஸ்ஸில் படித்ததும், ஐந்து பெண்களுக்கு உடனே பதில் சொல்லாத மோசேயும், பஞ்சுக்கு நடுவிலிருந்து வந்த சொல்லும் ஒன்றாக வந்து நின்றன.

“தெலீதண்டி,” என்றேன். தெரியாது.

“புஸ்தகத்துல லேதா?”

“லேதண்டி. எல்லை எங்க வரும்னு இல்ல. எல்லைக்கல்லை நகத்தாதேன்னுதான் கீது.”

அதுவும் அந்த வாரப் பங்கில் இருந்ததால்தான் சொன்னேன், வேறு ஒரு நினைப்பும் இல்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தபோதுதான் ஞாபகம் வந்தது. நாயுடுவின் கிழக்கு வரப்பு வருஷத்துக்கு ஒரு சாண் நடந்துபோகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நாயுடுவின் முகம் சிவந்தது. பிலேயாமின் கழுதை தூதனைப் பார்த்துத்தான் சுவரில் மோதியது. நான் ஒன்றையும் பார்க்காமலே மோதிவிட்டேன்.

அப்போது சாலம்மா முன்னால் வந்தாள்.

“நைனா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவளே சொல்லிட்டா. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மழை பேஞ்சிடுச்சு. ஊரு அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் இருந்தாலும் வேர்க்கடலை மண்ணுக்கு உள்ளதானே காய்க்கும்? ஈரம் காயுது. நான் போயி விதைக்கட்டுமா, வேணாமா? அதைச் சொல்லு. அது உனக்குத் தெரியும்.”

நாயுடு மீசையைத் தடவிக்கொண்டு, “இந்த வருஷம் விதை,” என்றார். “அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.” அவள் அதற்குள் பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள்.

அடுத்த வருஷமும் அவள்தான் விதைத்தாள். அதற்கு அடுத்ததும். மில்காளும் திர்சாளும் குட்டி போட்டதும், குட்டிகளுக்குப் பேர் வைக்க என்னிடம் வேறு பங்கு கேட்டாள்.

எல்லை பல வருஷம் கழித்துத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். அப்போது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? “பைபிளம்மா அன்னிக்கே சொல்லிட்டா. எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு, தமிழ்ல பேசிக்கினு இருந்தவ தெலுங்குலதானே பதில் சொன்னா? தெலுங்குப் பக்கம்னு அதுக்கு அர்த்தம்!” தெரியாது என்று நான் சொன்னதைத் தீர்க்கதரிசனமாக்கி, நிறைவேற்றியும் வைத்துவிட்டார்கள். அதற்குப்பின் இரண்டு வருஷம் காணாமற்போன மாடு, பிள்ளைப்பேறு, பரீட்சை என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் ஓயவில்லை. நான் எல்லாருக்கும் தெரியாது என்றே சொன்னேன், தமிழிலும் தெலுங்கிலும். எந்த பாஷையில் முதலில் சொன்னேன் என்று கவனித்துக்கொண்டு போனார்கள்.

ஆகையால், பிள்ளைகளே, தெருவில் வாரப் பங்கு என்று கூவாதீர்கள். சனிக்கிழமை வாசிப்பு என்று, வெட்கப்படாமல், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தெரியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிடுங்கள். அதையும் அவர்கள் ஏதாவது செய்துகொள்வார்கள், அது உங்கள் கையில் இல்லை.

பெரிய ஐயர் மரித்து வெகுகாலம் கழித்து அவர் மகளைத் திருப்பதியில் பார்த்தேன். அன்றைக்கு ஐயா சொன்ன வார்த்தைதான் என்னை நாயுடு வாசலுக்கு அனுப்பியது என்று கண்ணீரோடு சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அக்கா, நான் உள்ள உங்களுக்குத் தோசை சுட்டுக்கினு இருந்தேன். அப்பா ‘துன்னாம போவாதே, துன்னாம போவாதே’ன்னு கத்திக்கினே இருந்தாரு. நீங்க நிக்காம ஓடிட்டீங்க.”

யாராவது இதைச் சரிபார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும். நாயுடு வீட்டில் விளைச்சல் பங்குக்குச் சொன்ன தெலுங்குச் சொல் எது, கோரு என்றுதான் எனக்கு ஞாபகம். எல்லைப் பங்குக்கும் நியாயாதிபதிகள் பங்குக்கும் நடுவில் எத்தனை வாரம் என்பதையும் கொச்சி முறை தெரிந்தவர்கள் பார்க்கட்டும். ஐயரின் மகள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாளாம். திருச்சானூர் பக்கம் போகிறவர்கள் அவளிடம் இன்னொரு தடவை நன்றாகக் கேளுங்கள், அது துன்னாமலா, சொல்லாமலா என்று. கேட்கிறவர்கள் தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.